சும்மா என்றால் இரண்டு மதிப்பெண்

என் தம்பிக்கு ஒரு ஃபைல் இருக்கிறது. இரண்டு விரல் கனம். பிறந்தபோது அவன் எடை எவ்வளவு என்பதிலிருந்து எட்டாம் வகுப்பில் எந்த வாத்தியார் மேல் ஸ்கேலை எறிந்தான் என்பது வரை அதில் எழுதியிருக்கிறார்கள். எத்தனை மணிக்குத் தூங்குகிறான், யாரோடு சிரிக்கிறான், கோபம் வந்தால் எதை உடைப்பான், எல்லாம் உண்டு. நான் அவனைவிட ஆறு வயது மூத்தவள். யார் பொருளையும் தொட்டதில்லை, ஒருநாள் கூட வேலைக்குத் தாமதமாகப் போனதில்லை. அதனால் என்னைப் பற்றி இதுவரை ஒருத்தரும் ஒரு வரி எழுதியதில்லை. ஒழுங்காக வளர்ந்தால் கதி இதுதான் என்று முன்பே தெரிந்திருந்தால் நானும் நாலு ஜன்னல் கண்ணாடியை உடைத்திருப்பேன்.

அவன் செய்தது, தூக்க மாத்திரை அட்டைகளை ஒரு கையிலிருந்து வாங்கி இன்னொரு கையில் கொடுக்கிற வேலை. பதினாறு வயதில் முதல் தடவை பிடிபட்டான். எச்சரித்து விட்டுவிட்டார்கள். கொஞ்ச நாள் கழித்து மறுபடியும் அதே இடம், அதே மாத்திரை. இந்தத் தடவை இளைஞர் மையத்தில் எட்டு மாதம் வைத்திருந்தார்கள். பதினெட்டு முடிந்ததும், மூன்று மாதம் வீட்டில் இருக்கட்டும் பார்ப்போம் என்று அனுப்பினார்கள்.

பார்ப்பது என்றால் சும்மா பார்ப்பது இல்லை. அதற்கு நாற்பது கேள்வி. சட்டென்று கோபம் வருமா, பழைய கூட்டாளிகள் இன்னும் தேடி வருகிறார்களா, வேலைக்குப் போகிறானா, இப்படி. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம், ஒன்று, அல்லது இரண்டு மதிப்பெண். பள்ளிக்கூடத்துக்கு நேர் எதிர், இங்கே அதிகம் வாங்கினால் ஃபெயில். மொத்தம் இருபது வரை வீட்டிலேயே இருக்கலாம். இருபத்தொன்று வந்தால் திரும்பவும் மையம், ஒன்றரை வருஷம்.

கேள்வி கேட்க வாரம் ஒருமுறை ஆலோசகர் வருவார். நான் அவருக்கு வைத்த பெயர் ஃபைல் மேடம். நல்ல மனுஷி. நல்ல மனுஷியாக இருந்து தொலைத்ததால்தான் அவரை என்னால் திட்டக்கூட முடியவில்லை. முதல் வாரமே, "வயசுப் பையனுக்குத் தனி அறை இருந்தா மனசு நிதானப்படும்" என்றார். அவர் டீயைக் குடித்து முடிப்பதற்குள் அம்மா என் கட்டிலை அறையிலிருந்து இழுக்க ஆரம்பித்துவிட்டாள். எங்கள் வீட்டில் இருப்பதே ஒரு அறைதான். பத்தாம் வகுப்பிலிருந்து அது என்னுடையது. அன்றைக்குச் சாயங்காலம் முதல் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்துச் சோபாவில் என் வாசம்.

அம்மாவைப் பற்றிச் சொன்னால் ஓரவஞ்சனை என்ற வார்த்தை போதாது. ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு. அவன் குளிக்கப் போனால் துண்டோடு பின்னால் போவாள். அவன் சட்டைக்கு இஸ்திரி, அவனுக்கு இரண்டு முட்டை, அவன் தலையணைக்குப் புது உறை. "எனக்கு?" என்று ஒருநாள் கேட்டேன். "நீ என்ன சின்னப் பிள்ளையா?" என்றாள். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். எங்கள் வீட்டில் அழவைத்த பிள்ளைக்குத்தான் பால், அதுவும் சர்க்கரை போட்டு.

இதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். பல் என் தொழில். பல் செட் செய்கிற பட்டறையில் ஐந்து வருஷமாக வேலை. டாக்டர்கள் வாயில் அச்சு எடுத்து எங்களுக்கு அனுப்புவார்கள். நாங்கள் அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு, பிறகு மெழுகை உருக்கி எடுத்துவிட்டு அந்த இடத்தில் ரோஸ் நிறத்தில் ஈறு அடைத்து வேகவைத்து, பாலிஷ் போட்டு அனுப்புவோம். இந்த ஊரில் எத்தனையோ பெரிய மனிதர்கள் என் பல்லைக் காட்டித்தான் சிரிக்கிறார்கள். வீட்டில் எது போனாலும் போகட்டும், ஜன்னலோரம் என் மேஜை, என் மெழுகுக் கத்தி, என் சின்ன விளக்கு என்று ஒரு இடம் எனக்கு இருந்தது.

அங்கேயும் அம்மா வந்தாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மதிய நேரத்தில் முதலாளி முன்னால் போய் நின்று, "இவளுக்கு வேலை குடுத்த புண்ணியவான், இவ தம்பிக்கும் ஒரு வழி பண்ணுங்க" என்று அழுதாள். வேலை இருந்தால் அவன் கணக்கில் இரண்டு மதிப்பெண் குறையுமாம். கல் நெஞ்சுக்காரர் என்று பெயர் எடுத்த முதலாளி, என்ன ஆச்சோ, சரி என்றுவிட்டார். மறுநாளே தம்பி பாலிஷ் சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தான், என் பழைய ஏப்ரனைக் கட்டிக்கொண்டு.

மூன்றாவது வாரம் முதலாளி அவனிடம் ஒரு மெழுகுத் தட்டைக் கொடுத்து முன்பல் ஆறையும் நட்டுப் பார்க்கச் சொன்னார். முன்பல் நடுவது லேசு இல்லை. வரிசையாக நட்டால் பொய்ப்பல் என்று தூரத்திலிருந்தே தெரியும். ஒரு பல்லை ஒரு மயிரிழை திருப்ப வேண்டும், ஆனால் எந்தப் பல்லை, எந்தப் பக்கம் என்று புத்தகத்தில் இல்லை. இந்தப் பயல் எங்கேயோ பார்த்துவிட்டு இரண்டாவது பல்லை லேசாக உள்ளே தள்ளி வைத்தான். முதலாளி அதை விளக்கில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு நேராக என் மேஜைக்கு வந்து என் முன்னால் வைத்தார்.

"இது பல்லுமா. நீ செய்றது பல் செட்டு. பாத்துக் கத்துக்கோ."

பின்னாலிருந்து தம்பி, "அக்காவைப் பாத்துத்தான் சார் கத்துக்கிட்டேன்" என்றான். அவன் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். வயிறு எரிந்தது என்றால் குறைத்துச் சொல்கிறேன். ஐந்து வருஷத்தில் அந்த மனிதர் என்னிடம் சொன்ன உயர்ந்த பாராட்டு "பரவாயில்ல". இவனுக்கு மூன்றே வாரம். அன்று மாலை ஐந்து மணிக்கு ஃபைல் மேடம் என்னைத் தனியாக அலுவலகத்துக்கு வரச் சொல்லியிருந்தார். ஏப்ரனைக் கழற்றி வீசிவிட்டு, அந்த எரிச்சலோடேதான் போனேன்.

அங்கே நடந்ததைச் சொல்வதற்கு முன் எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அது "சும்மா" என்கிற வார்த்தை.

எல்லார் வீட்டிலும் சும்மா என்றால் ஒன்றுமில்லை என்று அர்த்தம். எங்கள் வீட்டில் ஏதோ இருக்கிறது, இப்போது கேட்காதே என்று அர்த்தம். எனக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போது அப்பா கையில் பையோடு வாசலில் நின்றார். எங்கேப்பா போறீங்க என்றேன். "சும்மா" என்றார். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. அம்மா குழாயடியில் நெடுநேரம் முகம் கழுவுவாள். ஏம்மா கண் சிவந்திருக்கு என்றால் "சும்மா". எனக்குப் பார்த்த முதல் வரன், தம்பி விஷயம் தெரிந்து தட்டிப்போனது. ஏன் சாப்பிடலை என்று அம்மா கேட்டாள். நானும் அதையேதான் சொன்னேன். சும்மா என்று ஒருத்தர் சொன்னால் மற்றவர் பக்கத்தில் ஏதாவது வேலை செய்துகொண்டு காத்திருக்க வேண்டும். அவசரப்படுத்தாமல் இருந்தால் விஷயம் தானாக வரும்.

தம்பி முதல் தடவை பிடிபட்டுத் திரும்பி வந்த அன்று நான் பாத்திரம் தேய்த்தேன், அவன் துடைத்து அடுக்கினான். "அந்தப் பயலுங்ககிட்ட ஏன்டா போனே?" என்றேன். "சும்மா" என்றான். நான் அடுத்த தட்டை நீட்டினேன். நாலு தட்டு போன பிறகு வந்தது.

"அங்க ஒருநாள் போகலன்னா, ஏன்டா வரலன்னு கேக்குறாங்கக்கா. எனக்குன்னு ஒரு நாற்காலி போட்டு வச்சிருக்காங்க. நம்ம வீட்டுல நீ நல்ல பொண்ணு, நான் தண்டம். நான் ரெண்டு நாள் வரலன்னாலும் அம்மா கதவைச் சாத்திட்டுப் படுத்துருவாங்க."

அதுதான் காரணம். மாத்திரைக்காக இல்லை, காசுக்காகக்கூட அவ்வளவு இல்லை. இதை அவன் என்னைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. அப்போது அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது, அப்போதெல்லாம் அறை என்னுடையது, அம்மாவும் என் பக்கம்.

ஃபைல் மேடத்தின் மேஜையில் அவன் ஃபைல் திறந்திருந்தது. அச்சு வேலை செய்கிறவளுக்கு எதையும் தலைகீழாகப் பார்த்துப் பழக்கம். எதிர்ப்பக்கம் உட்கார்ந்தபடியே மொத்தத்தைப் படித்துவிட்டேன். பத்தொன்பது.

"ஒரே ஒரு கேள்விதான் பாக்கி" என்றார். "செஞ்சதுக்குக் காரணம் அவனுக்கே தெரியுதாங்கிறது. எட்டு வாரமா கேக்குறேன், ஒவ்வொரு தடவையும் சும்மான்னு சொல்றான். ஏன் செஞ்சோம்னே தெரியாதவன் மறுபடி செய்வான்மா, எங்க அனுபவத்துல அதுதான் பெரிய பயம். உங்ககிட்ட ஏதாவது சொல்லியிருக்கானா? நீங்கதான் அவனுக்கு நெருக்கம்னு எழுதியிருக்கான்."

பாவம், அவர் சும்மா என்பதைச் சும்மா என்றே எடுத்துக்கொண்டிருக்கிறார். நான் ஒரு நிமிஷம் வாயைத் திறந்திருந்தால் போதும், கேள்விக்குப் பூஜ்யம் விழுந்திருக்கும். எனக்கு அந்த மெழுகுத் தட்டு கண் முன்னால் நின்றது. உள்ளே தள்ளி வைத்த அந்த இரண்டாவது பல்.

"சும்மாதான் மேடம்" என்றேன். "காரணம்னு ஒண்ணும் இல்ல. அவன் அப்படித்தான்."

பேனா இரண்டு என்று எழுதியது. பிறகு, சரிபார்ப்பதற்காக என்று முன்பு கேட்டதையே இன்னொரு தடவை கேட்டார். "அதே வீட்டுல அவன் மேல பகை, வெறுப்பு உள்ளவங்க யாராவது?"

"சேச்சே. கூடப்பிறந்தவன் மேடம்."

அதற்குப் பூஜ்யம் அப்படியே இருந்தது. வெளியே வந்து ஒரு கோன் ஐஸ்கிரீம் வாங்கி, நடுத்தெருவில் நின்றே தின்றேன். பொய்யா சொன்னேன், அவன் சொன்ன வார்த்தையைத்தானே சொன்னேன் என்று எனக்கே வக்கீலாக வாதாடினேன். ஒன்றரை வருஷம் என் அறை எனக்கு. என் மேஜையில் யாரும் எதையும் கொண்டுவந்து வைக்க மாட்டார்கள். அன்றைக்கு ருசித்துத்தான் தின்றேன், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

புதன்கிழமை ஃபைல் மேடம் வீட்டுக்கு வந்து, உட்காராமலே சொன்னார். இருபத்தொன்று. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு முடிவெடுக்கிற குழு கூடும், அன்றைக்கே அழைத்துப் போய்விடுவார்கள். அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அவர் போனதும் என் பக்கம் திரும்பி, "நீ போயி என்னடி சொன்னே?" என்றாள். கேட்டதுக்குப் பதில் சொன்னேன் என்றேன். தம்பி கத்துவான், தட்டை எறிவான், பார்த்தீர்களா இவன் இப்படித்தான் என்று காட்டலாம் என்று காத்திருந்தேன். அவன் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்ப் படுத்தான்.

வியாழக்கிழமை காலை வழக்கம்போல என்னோடு வேலைக்கு நடந்து வந்தான். நாளைக்கு உள்ளே போகிறவன் இன்றைக்கு என்னத்துக்கு வருகிறான் என்று கேட்டேன். "நேத்து அடைச்ச ஈறு பாதியில கிடக்குக்கா" என்றான். பஸ் நிறுத்தம் தாண்டியதும் அவனாகவே பேசினான்.

"போன தடவை மையத்துக்குப் போனப்ப எனக்கு யாரையும் தெரியாதுக்கா. அழுதுட்டே இருந்தேன். இப்ப எனக்கு நாற்காலி போட்டு வச்ச அந்தப் பயலுங்க மூணு பேரும் அங்கதான் இருக்கானுங்க. வாடா மாப்ளேன்னு கூப்பிடுவானுங்க. எனக்கு எடம் பிடிச்சு வச்சிருப்பானுங்க." கொஞ்ச தூரம் நடந்தான். "நான் போயி உக்காந்துருவேன்க்கா. எனக்கு என்னைத் தெரியும்."

காரணம் தெரியாதவனா இவன்? ஃபைல் மேடத்தின் நாற்பது கேள்விக்கும் பதில் நடுரோட்டில் நடந்துகொண்டிருந்தது. அன்று காலை மூன்று பல்லைக் கோணலாக நட்டேன், முதலாளி திட்டியது காதில் ஏறவில்லை. பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. அவன் அப்போதும் என் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு என்னைவிட அழகாகத்தான் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான். பயம் அதைவிடப் பெரிதாக வந்துவிட்டது, அவ்வளவுதான். மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஓடினேன்.

ஃபைல் மேடம் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். நாற்காலி, நாலு தட்டு, எங்கள் வீட்டுச் சும்மா, முன்பல், ஐஸ்கிரீம் வரை. அவர் சாப்பாட்டை மூடி ஓரமாக வைத்தார்.

"தெரிஞ்சும் ஏன்மா சொல்லல?"

"வயித்தெரிச்சல் மேடம்."

"எப்போ இருந்து?"

"அவன் பொறந்ததுல இருந்து."

அவர் சிரிக்கவில்லை. உட்காரச் சொன்னார். எங்கே தூங்குகிறேன், எப்போது கடைசியாகக் கத்தினேன், அம்மா என்னோடு என்ன பேசுவாள், அப்பா போனபோது என்னை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அரை மணி நேரம். நான் பேசப் பேச எழுதினார். தம்பி நாளைக்குப் போகப் போகிறான், நான் செய்த காரியத்துக்கு என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும், ஆனாலும் வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த அரை மணி நேரம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. முடிக்காமல் இருந்தால் நன்றாக இருக்கும் போலிருந்தது.

பிறகு அவர் இரண்டு என்பதை அடித்துப் பூஜ்யம் போட்டார். மொத்தம் பத்தொன்பது. எனக்கு மூச்சு வந்தது. அவர் அதோடு நிறுத்தாமல் பக்கத்தைத் திருப்பினார்.

"இது ஒண்ணு இருக்கேம்மா" என்றார். அதே வீட்டில் பகை உள்ளவர். "நீங்க இவ்வளவு சொன்னதுக்கு அப்புறம் நான் இதுல பூஜ்யம் போட முடியாது. வேண்டாத அக்காகூட ஒரே வீட்டுல இருக்குறவனுக்கு என்ன ஆகும்னு எங்களுக்குத் தெரியும். ரெண்டு போட்டுத்தான் ஆகணும்."

பத்தொன்பதும் இரண்டும் திரும்ப இருபத்தொன்று. எலி வளையை விட்டு வெளியே வந்து பூனை வாயில் விழுந்த கதை. நான் அந்த வரியைத் தலைகீழாகவே மறுபடி படித்தேன்.

"அதே வீட்டுலன்னு போட்டிருக்கு மேடம். நான் அந்த வீட்டுல இல்லன்னா?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "நான் உங்களைப் போகச் சொல்லல."

"தெரியும்."

"அவசரத்துல முடிவு பண்ணாதீங்க. கோபத்துல போறவங்க..."

"வேற வழி இருந்தா சொல்லுங்க மேடம்."

இருந்தால் சொல்லியிருப்பார். கடைசியில், வேறு இடத்தில் தங்குவதற்கான சீட்டை நாளைக் காலை பத்து மணிக்குள் கொண்டுவந்து காட்டினால் பத்தொன்பது என்றே குழுவுக்குப் போகும் என்றார். பட்டறைக்கு அரை நாள் லீவு சொன்னேன், ஐந்து வருஷத்தில் முதல் லீவு. வேலைக்குப் போகும் பெண்கள் விடுதி ஒன்றில் நாலு பேர் இருக்கிற அறையில் ஜன்னல் இல்லாத பக்கம் ஒரு கட்டில் காலியாக இருந்தது. கையெழுத்துப் போட்டு, சீட்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். வழியெல்லாம் அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்பதே யோசனை. அழுவாளே, நீயும் போகணுமா என்பாளே, நான் எப்படிச் சமாதானம் சொல்வது என்று நாலைந்து விதமாகப் பேசிப் பார்த்துக்கொண்டே போனேன்.

அம்மா தம்பியின் துணிகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். கண் வீங்கியிருந்தது. அவன் பட்டறையிலிருந்து இன்னும் வரவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து முழுவதும் சொன்னேன். நான் மறைத்ததையும் சொன்னேன், அதற்கு அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை.

"அப்ப அவன் இங்கயே இருக்கலாமா?"

"இருக்கலாம். நான் விடுதிக்குப் போயிட்டா."

என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள். கடைசியாக எப்போது அப்படிப் பிடித்தாள் என்று எனக்கு ஞாபகமில்லை. கை சூடாக இருந்தது. நான் காத்திருந்தேன்.

"எப்போ போறே?" என்றாள்.

நாளைக் காலையே போக வேண்டும் என்றேன். உடனே எழுந்தாள். பரண் மேலே பழைய சூட்கேஸ் இருக்கிறது, நானே எடுத்துத் தருகிறேன் என்று ஸ்டூலை இழுத்துப் போட்டாள். முட்டி வலி என்று ஒரு வருஷமாகப் படிக்கட்டுக்கூட ஏறாதவள், கிடுகிடுவென்று ஸ்டூலில் ஏறிக் கையை நீட்டினாள். ஸ்டூல் ஆடியது. விழுந்துவிடப் போகிறாளே என்று நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.